மழை வராத நாளில் சுருட்டிய பாவு

என் மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்டால் "நல்லாருக்கேம்மா" என்பாய். நானும் "நல்லா இருந்தா சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, "நல்லா" என்று சொன்னபோது உன் குரல் ஏன் இறங்கியது என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பேன். இப்படியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டோம். போனில் பேசினால் நான் குறுக்கே பேசுவேன், அது எனக்கே தெரியும். நீ ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் அதற்கு முடிவும் கட்டிப் பரிகாரமும் சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பேனாவுக்கு என் வாய் அளவுக்கு வேகம் கிடையாது. இந்த நாலு வரி எழுதுவதற்குள்ளேயே எழுந்து போய்க் கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். உட்கார்ந்ததும், மூடியிருந்ததை நிஜமாகவே பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது, மறுபடியும் போனேன். உன் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, "இன்னா, அடுப்பு அங்கியேதான இருக்குது?" என்று கேட்டார். அவருக்கு என்ன, கேலி பேசுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது. "அம்மா, மாப்பிள்ளை அழைப்பு இல்லாம கல்யாணம் பண்ண முடியாதா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். "ஏன்டா, பூ வெச்ச கார்ல ராஜா மாதிரி ஒக்காந்துகினு வர்றதுக்கு உனக்கு வலிக்குதா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. அப்புறம்தான் சொன்னாய். கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு முன்னால் வண்டிகள் நெரிசலில் நின்றுபோனது, திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, கை மரத்துப் போனது, மூச்சு பாதியிலேயே நின்றது, செத்துவிடுவோம் என்று நினைத்து நடுவழியில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தது, கூட வேலை செய்கிற பையன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது எல்லாம். இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம், மனநல டாக்டரைப் பார் என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். அதற்கப்புறம் கேன்டீன் வரிசையில் ஒரு தடவை, முடி வெட்டுகிற நாற்காலியில் ஒரு தடவை. இப்போது பஸ்ஸையே விட்டுவிட்டு, மழையானாலும் பைக்கில்தான் போகிறாயாம். "அந்தக் கார்ல என்னை நடுவுல ஒக்கார வெச்சு, மோளம் அடிச்சு, மெதுவா ஓட்டிக்கினு வருவாங்க. அப்போ அது வந்தா நான் எங்கம்மா எறங்கி ஓடுவேன்? மாப்பிள்ளை ஓடினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, மனச தைரியமா வெச்சுக்கோ" என்றேன். காலுடைந்தவனைப் பார்த்து எழுந்து நட என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். பிறகு கண் பட்டிருக்கும் என்றேன், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னேன், ஓட்டல் சாப்பாட்டைக் குறை சொன்னேன். கடைசியாக, "பொண்ணு வீட்ல மட்டும் சொல்லிடாதே. பைத்தியம்னு பேர் கட்டிடுவாங்க" என்றேன். நீ ரொம்ப மெதுவாக, "அப்போ கல்யாணமே வேணாம்மா, விடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நான் எது அனுப்பினாலும் "ம்" என்று வருகிறது, இல்லாவிட்டால் "சரிம்மா". நேற்று வெறும் கட்டைவிரல் படம். பெற்ற பிள்ளையிடமிருந்து கட்டைவிரலை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்ய? ஆவணியில் முகூர்த்தம். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஊருக்கும் சொல்லியாகிவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை, இதை நீ தனியாகச் சுமந்துகொண்டு, அந்தப் பெண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்பது.

உனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று டாக்டரைக் கேட்டாயா? கேட்டிருந்தால் நம் வீட்டு விலாசத்தைத்தான் தந்திருப்பார். கருட சேவைக்கு அழைத்துப் போனபோதெல்லாம் கூட்டத்தில் தொலைந்துவிடுவாய் என்று என் முந்தானையை உன் மணிக்கட்டில் கட்டி வைத்திருந்தேன். மீசை அரும்புகிற வயசு வரைக்கும் கட்டினேன், நீதான் அழுது சண்டை போட்டு நிறுத்தினாய். கூட்டாளிகளோடு தென்னேரி ஏரியைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டபோது, ஏரி உடைத்துக்கொள்ளும் என்று சொல்லித் தடுத்தேன். அது கோடைக்காலம். ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நீ வெளியே கிளம்பும்போது "பார்த்துப் போ" என்று நான் சொல்லாத நாளே கிடையாது. எதைப் பார்த்து என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. இதையெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. பயப்படுவதைத்தான் நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சோற்றோடு சேர்த்து அதையும் உனக்கு ஊட்டியிருக்கிறேன். ஊட்டினவள்தான் இதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

என்னைத் தெருவில் மழைக்காரம்மா என்று கூப்பிடுகிறார்களே, அந்தக் கதை உனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் நின்றாய். தெரிந்த கதையையே மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது இந்த வாரம்தான் புரிந்தது. அன்று விடிந்ததும் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். புடவையின் நீளத்துக்கு ஓடுகிற பட்டிழை அத்தனையும் நம் வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் குச்சிகள் மேல் விறைப்பாக நின்றது. அப்போதுதான் கஞ்சி தெளித்து முடித்திருந்தார்கள். இளவெயிலில் அது காய வேண்டும், காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். தறிக்காரர் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு மேகம் ஏறி வந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான். "மழை வருது, சுருட்டுங்க" என்று கத்தினேன். உன் அப்பா, "இரு, காயட்டும்" என்றார். நான் இருக்கவில்லை. நானே ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். என் பதற்றத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். ஒருத்தி கத்தினால் தெருவே கத்தும் இல்லையா? ஈரமும் கஞ்சியுமாக இருந்த பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டோம்.

மழை வரவில்லை. அந்த மேகம் தன் பாட்டுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அடித்த வெயிலில் ஊர் முழுக்க வடகம் காய்ந்தது. பாவைப் பிரித்துப் பார்த்தால் இழையோடு இழை ஒட்டி, கயிறாகக் கிடந்தது. நானும் உன் அப்பாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க அறுந்தது. நீயும் காலேஜ் விட்டு வந்து கூட உட்கார்ந்தாய். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவைதான், அதுவும் என்னைப் பார்க்காமல், "மழ பேஞ்சிருந்தாகூட இவ்ளோ பாழாயிருக்காது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மழை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் பல வருஷம் அவரோடு வாதாடினேன். மழை வந்திருந்தால், மழை வந்திருந்தால் என்று இன்றைக்கு வரைக்கும் வராத மழையைப் பிடித்துக்கொண்டே பேசிவந்திருக்கிறேன். பாவைப் பாழாக்கியது என் கை என்று ஒத்துக்கொள்ள எனக்கு இந்தப் புதன்கிழமை வர வேண்டியிருந்தது.

புதன்கிழமைக்கு வருகிறேன், அதற்கு முன் திங்கள்கிழமை. நீ போனை வைத்த மறுநாள் நான் தறியில் உட்கார்ந்தேன். தறியில் இருப்பது வினோதினிக்கு நாம் நெய்கிற முகூர்த்தப் புடவை, உனக்குத் தெரியும். கை நிற்கவில்லை. உன் மேல் இருந்த கோபம், என் மேல் இருந்த கோபம் எல்லாவற்றையும் குறுக்கிழையை அடித்து நெருக்குகிற அச்சில் காட்டினேன். ஓங்கி ஓங்கி அடித்தேன். உன் அப்பா வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொடவை இன்னா பண்ணுச்சு உன்ன? எழுந்துரு" என்றார். பார்த்தால், நான் நெய்த இடத்தில் மட்டும் துணி அட்டையாக இறுகி, மாங்காய்ப் புட்டா எல்லாம் குள்ளமாக விழுந்திருக்கிறது. கவலையை மனசுக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறோம். கை சொல்லிவிடுகிறது. அந்த இடம் கொசுவத்துக்குள் போய்விடும், அதனால் பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

புதன்கிழமை வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன், வினோதினி வீட்டுக்கு. உன் அப்பாவிடம் பூ விஷயமாகப் பேசப் போகிறேன் என்று சொன்னேன். உண்மையில் போனது பொய் சொல்ல. மாப்பிள்ளை அழைப்பு இந்தப் பையன் ஜாதகத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று திட்டம். உன் கஷ்டமும் தீரும், விஷயமும் வெளியே வராது, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முத்தியால்பேட்டை தாண்டியதும் கூட்டம் ஏறியது. ஜோசியர் யார் என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது, அவர்கள் போய் அவரையே விசாரித்தால், விசாரித்துத் தெரிந்துகொண்டு கல்யாணத்தை நிறுத்தினால், நிறுத்தினால் நீ என்ன செய்துகொள்வாய், இப்படி ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. மூச்சு இழுத்தால் உள்ளே போகவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோரும் தூரமாகிப் போனார்கள். போகிறோம், இங்கேயே போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அய்யம்பேட்டையில் கண்டக்டரைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். "சுகரா மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். உனக்குப் போன் செய்ய எடுத்தேன், அதன் பூட்டைக்கூடத் திறக்க முடியவில்லை. ஒரு சாமி பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வேறு வழி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் டீ ஆற்றுவதைப் பார்த்தேன். ஒரு நாய் வந்து படுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு இறங்கியது. மூச்சு தன்னால் வந்தது. எலுமிச்சம்பழம் இல்லை, மந்திரித்த கயிறு இல்லை, நான் எதுவும் செய்யவில்லை, அது தானாகப் போய்விட்டது. அந்த மேகம் போனதே, அப்படி. அங்கே உட்கார்ந்துகொண்டு அழுதேன்டா. பயத்தில் இல்லை. இப்படித்தானே உனக்கும் இருந்திருக்கும், இதை வைத்துக்கொண்டா என் பிள்ளை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான், அவனிடமா நான் ஓட்டல் சாப்பாட்டைக் குறை சொன்னேன் என்று அழுதேன்.

திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி வாலாஜாபாத் போனேன். வினோதினி டீச்சர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், அவள் அம்மா அப்பா இருவரும் ரைஸ் மில்லில் இருந்தார்கள். காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நான் ஜோசியரைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "அத்த, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு என்னைப் புடிச்சிருக்குதா? முன்னல்லாம் நல்லா பேசிக்கினு இருந்தாரு. இப்போ போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வெச்சிடறாரு. எனக்கு ராத்திரில்லாம் தூக்கமே இல்ல அத்த." கண் சிவந்திருந்தது. நீ சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் அவளிடம் வேறு பயமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, பார். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறோம்.

பொய்யை விழுங்கிவிட்டேன். உன் விஷயத்தையும் சொல்லவில்லை, பதறாதே. வாய் வரைக்கும் வந்தது, என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் அடக்கினேன். அது உன் வாயால் வரவேண்டியது. "புடிச்சிருக்குதும்மா, அதுல சந்தேகமே இல்ல. அவன் உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்றதுக்குக் கூச்சப்பட்டுக்கினு இருக்கான்" என்று மட்டும் சொன்னேன். பிறகு, வரும் வழியில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். உன் அப்பாவிடம்கூட அதுவரை சொல்லாததை, மருமகளாக வரப்போகிறவளிடம், சம்பந்தி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். ஊர் என்ன சொல்லும் என்று உன்னிடம் பேசியவள்தான் நான். அவள் "பயப்படாதீங்க" என்று சொல்லவில்லை. "இப்போ எப்படி இருக்குது அத்த?" என்று கேட்டாள். பிறகு நான் கிளம்பியபோது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுவாள் என்று பார்த்தால் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். தன் வகுப்பில் ஒரு பொடியன் அழிரப்பரைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அய்யம்பேட்டை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "இங்கதான அத்த? ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள். நெஞ்சு கொஞ்சம் படபடத்தது, அவ்வளவுதான். "கொஞ்சமா இருக்குது. போவும்" என்றேன். அப்படி நான் என் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றாள். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். இந்தப் பெண்ணையா நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய்?

அன்று ராத்திரி உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னுடையதையும் சேர்த்து. இதற்கு உன்னிடம் அனுமதி வாங்கவில்லை. அவர் உன் அப்பா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, கல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேனே என்று. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். போன் தறி மேல் கிடந்தது. நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. வெயில் ஏறிய பிறகு பால் பாக்கெட்டோடு வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, அழைப்பு கிளம்புகிற பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடந்து பார்த்தேன் என்றார். "நிக்கறதுக்கு எடம் நெறைய இருக்குது. டெய்லர் கடை எதுர்ல நல்ல நெழல். பால் பூத்துகிட்ட பெஞ்சு போட்டிருக்கான். திருப்பத்துல ஒரு சந்து போவுது, அதுல பூந்தா நேரா மண்டபத்துப் பின்பக்கம் வந்துடலாம். எதுக்குக் கார்? நடந்தே வரட்டும். எங்க தோணுதோ அங்க நிக்கட்டும். சாமியே நின்னு நின்னுதான வருது, ஏன் நிக்குதுன்னு எவன் கேக்கறான்?"

யோசித்துப் பார். இந்த ஊரில் எத்தனை புறப்பாடு பார்த்திருப்பாய். சாமி ஒவ்வொரு மண்டகப்படியிலும் நிற்கிறது. சில இடத்தில் எதற்கு நிற்கிறது என்று தூக்குகிறவர்களுக்கே தெரியாது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே இருக்கிறார், யாரோ கற்பூரம் காட்டுகிறார்கள், கூட்டம் விசிறிக்கொண்டு நிற்கிறது. மறுபடி கிளம்பினால் எல்லோரும் கிளம்புகிறார்கள். சாமிக்கு மூச்சு முட்டிவிட்டது என்று யாரும் பேசுவதில்லை. நீ நின்றால் நாங்களும் நிற்போம். உன் அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேளக்காரரிடம் அவர் பேசிவிட்டார், பையன் நின்றால் நின்று வாசி, நடந்தால் நடந்து வாசி என்று. அவரும் சரி என்றார், கல்யாணத்துக்குக் கல்யாணம் மாமன்காரன் ஆடுவதற்காக நின்று பழக்கப்பட்டவர்.

வெள்ளிக்கிழமை நான் மனநல டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். உனக்குச் சொல்லாமல் முதலில் நானே போய்ப் பார்த்துவிடுவோம் என்று போனேன். முக்காடு போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே போனால் உன் வயசுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். என் நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை என்று பரிசோதித்துச் சொன்னாள். "அப்போ ஏம்மா அப்படி அடிச்சுக்கிச்சு?" என்றேன். "ஆபத்து வருதுன்னு உடம்பு நெனச்சுக்கிச்சு, ஓடறதுக்குத் தயாராச்சு. ஆபத்து வரல. அவ்ளோதான்மா" என்றாள். திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டேன். "வருமா வருமான்னு காவல் காத்தீங்கன்னா சீக்கிரம் வரும். வந்தா உக்காந்து பாருங்க. மூச்சை இழுக்கறதைவிட விடறதை நீளமா விடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வந்த எடத்தை எல்லாம் விட்டு ஓடிக்கிட்டே இருந்தா, கொஞ்ச நாள்ல போறதுக்கு எடமே மிஞ்சாது" என்றாள். உன் பஸ்ஸும் கேன்டீனும் சலூனும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. சிலருக்குக் கொஞ்ச காலம் மாத்திரையும் தேவைப்படலாம் என்றாள். உன் அப்பா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், அதற்காக அவரை யாரும் தெருவில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை. நீ போ. பேசு. ஒரு நாள் போய்விட்டு நின்றுவிடாதே. பஸ்ஸிலும் ஏறு, முதலில் கூட யாரையாவது வைத்துக்கொண்டு ஒரே ஒரு நிறுத்தம் வரைக்கும். என் மருமகளுக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், அவளுக்குப் போன் போடு. பஸ்ஸில் நடந்ததைச் சொல். நான் சொல்லாதே என்று சொன்னதை மறந்துவிடு, இல்லை, மறக்க வேண்டாம், அம்மாவும் தப்பு சொல்வாள் என்று ஞாபகம் வைத்துக்கொள். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வயிறு எரியும், அழுவேன், பிறகு சரியாகிவிடுவேன். அழைப்பே வேண்டாம் என்றாலும் சரி, கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றாலும் சரி, இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்துச் சொல்லுங்கள். நீ தனியாக எடுக்கிற முடிவை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பயத்தில் எடுக்கிற முடிவு எப்படிப்பட்டது என்று தெருவுக்கே தெரியும், என்னை எதற்காக மழைக்காரம்மா என்கிறார்கள்?

இன்னொன்று. நீ எங்கே இருக்கிறாய் என்று என் போனில் காட்டுகிறதே அந்த நீலப் புள்ளி, அதை உன் பக்கத்தில் நிறுத்திவிடு. நான்தான் வற்புறுத்தி வைக்கச் சொன்னேன். தறியில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது ரோட்டில் நின்றால் எனக்கும் மூச்சு நிற்கிறது. நிறுத்துவதற்கு எனக்கே மனசு வரவில்லை, அதனால் நீ நிறுத்து. நிறுத்தியதும் பைத்தியம் பிடித்தவள் மாதிரி உனக்குப் போன் செய்வேன். எடுக்காதே. சாயங்காலம் ஒரு தடவை நீயே கூப்பிடு, போதும்.

இதில் உன் பெயரை எங்கும் எழுதவில்லை, கவனித்தாயா? யாராவது எடுத்துப் படித்தால் படிக்கட்டும் என்றுதான். எந்த அம்மாவின் பிள்ளை இன்றைக்கு நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உட்கார்ந்திருக்கிறானோ, அவளுக்கும் இது சேரட்டும்.

இப்போது மறுபடியும் அடுப்படிக்குப் போகவேண்டும் போல இருக்கிறது. போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். கை நமநமவென்கிறது, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன். முகூர்த்தம் ஆவணியில் வைத்திருக்கிறோம், நம் ஊரில் ஆவணி மாசத்துச் சாயங்காலம் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது, உனக்கே தெரியும். பிள்ளையார் கோயிலிலிருந்து நீ கிளம்பும்போது நான் வானத்தைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்து தர முடியாது. பார்ப்பேன். மேகம் இருந்தாலும் இருக்கும். நீ நடு ரோட்டில் நின்றாலும் நிற்பாய். அப்போது நான் உன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன், எதையும் சுருட்டச் சொல்லமாட்டேன்.

அம்மா